லைட் அடித்தால் என்ன அர்த்தம்

என் வீட்டுக்காரிக்கு எழுதுவது,

இங்கே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி? மாத்திரையைப் பாதியாக உடைத்து மிச்சம் பிடிக்காதே.

போன வாரம் நான் ஓட்டிய கம்பெனி வேன் ஒரு காரில் லேசாக உரசிவிட்டது. பயப்படாதே, யாருக்கும் அடி இல்லை. குறுக்குத் தெருவிலிருந்து ஒரு பெண் காரின் மூக்கை நீட்டினாள். ‘நான் வருகிறேன், நில்’ என்று நம்ம ஊரில் முப்பத்தாறு வருடமாக அடித்த மாதிரி இரண்டு தரம் ஹெட்லைட் அடித்தேன். அவள் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு நேரே குறுக்கே வந்துவிட்டாள்.

“பெரியவரே, இங்க லைட் அடிச்சா ‘நீ முதல்ல போ’ன்னு அர்த்தம்,” என்றான் சூப்பர்வைசர். “விருந்துக்குக் கூப்பிட்டு வாசல்லயே வச்சு அடிச்சிருக்கீங்க!” எல்லோரும் சிரித்தார்கள்.

இந்த நாட்டுச் சாலைக் குறிப் புத்தகம் முழுவதையும் யார் உதவியும் இல்லாமல் படித்துத் தேறியவன் நான். அந்தப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்திலும் இல்லை. தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால் வேனைத் திருப்பித் தருவார்களாம். எழுத மாட்டேன். நீயும் எழுதச் சொல்லாதே. இப்போது கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். ஆனாலும் அந்தப் பெண் காரைவிட்டு இறங்கி வந்து, “நீங்கதானே போகச் சொன்னீங்க?” என்று கேட்டது காதைவிட்டுப் போகவில்லை.

என் பழைய மூக்குக்கண்ணாடியையும் இரண்டு குளியல் துண்டுகளையும் அனுப்பு. போனில் கூப்பிடாதே; உன் குரலைக் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. பெரிய எழுத்தில் நாலு பக்கம் எழுது. எதை வேண்டுமானாலும் எழுது.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். மகன் கேட்டால், அப்பா வண்டி ஓட்டுகிறார் என்றே சொல்.

உன் வீட்டுக்காரன்