காலை ஆறு மணிக்கு அறுவடை முறையைத் தள்ளிவைக்கும் ஸ்கிரிப்ட்

அனுப்புநர்:
ரெ. புகழேந்தி,
கீழமருதங்குடி,
திருவிடைமருதூர் வட்டம்.

பெறுநர்:
துணைப்பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள்,
கும்பகோணம்.

பொருள்: கீழமருதங்குடி உழவர் சங்கத்தின் அறுவடை இயந்திர முன்பதிவில் தேதிகள் தாமே மாறுவது - விசாரிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய அய்யா,

1. மூன்று மா நிலத்தில் சம்பா வைத்திருக்கிறேன். சங்கத்தின் ஒரே அறுவடை இயந்திரத்துக்கு இணையத்தில் பதிந்து, 27.01.2026 என்று தேதி பெற்றேன். அன்று காலை ஆறு மணிக்கு அது 31 ஆனது. 31ஆம் தேதி, பிப்ரவரி 3 ஆனது. இப்போது 9 என்கிறது. கதிர் சாய்ந்துவிட்டது. ஒரு மழை பெய்தால் வயலிலேயே முளைத்துவிடும்.

2. கேட்டதற்குச் செயலாளர் திரு. நாகநாதன், அது கம்ப்யூட்டர் எடுத்த முடிவு என்றார்.

3. சங்கத்தில் ஒருவர் திரையைக் காட்டினார். அவருக்கு அங்கே வேலை நிலைக்க வேண்டும் என்பதால் பெயரை எழுதவில்லை. முன்பதிவுகள் இருக்கும் தரவுத்தளத்தில் நாமே எழுதிய ஸ்கிரிப்டை, அதாவது சிறு கட்டளை நிரலை, மூன்று விதமாகச் சேர்க்கலாமாம்: பக்கத்தைத் திறக்கும்போது ஓடுவது, பதிவைச் சேமிக்கும்போது ஓடுவது, குறித்த நேரத்தில் தானே ஓடுவது. முதலாவது நமக்கு வணக்கம் சொல்கிறது. இரண்டாவது குறுஞ்செய்தி அனுப்புகிறது. மூன்றாவதைப் பற்றி யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

4. அது தினமும் காலை ஆறு மணிக்குப் பஞ்சாங்கம் பார்க்கிறது. செவ்வாய், சனி, அஷ்டமி, நவமி எனில் அன்றைய முறையை வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறது. ஐந்து கைப்பேசி எண்களுக்கு மட்டும் விலக்கு. ஐந்தும் நிர்வாகக் குழுவினருடையவை. 27ஆம் தேதி செவ்வாயன்று இயந்திரம் செயலாளர் வயலில் இறங்கியது. யாதொரு கெடுதலும் நேரவில்லை என்பதை வரப்பில் நின்று பார்த்தேன்.

5. ஸ்கிரிப்டைச் சேர்த்தவர் பெயர் 'நிர்வாகி' என்று மட்டும் உள்ளது. அதன் கடவுச்சொல் அந்த ஐவரிடமும் இருக்கிறது. இம்மனு பற்றிய செய்தி எட்டியதும் ஸ்கிரிப்ட் அழிக்கப்படலாம் என்று ஐயுறுவதால், முழுவதையும் கையால் எழுதி இணைத்துள்ளேன்.

6. நேற்று செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "ஒங்க நம்பரையும் அந்த லிஸ்ட்ல போட்டுடுறேங்க. மனு கினுல்லாம் எதுக்கு?" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் இன்னும் அதைச் சொல்லவில்லை.

ஆகவே, ஸ்கிரிப்டை உடனே நிறுத்தி, எழுதியவர் யார் என்று கண்டறிந்து, நாளை சனிக்கிழமையே ஆனாலும் பதிந்த வரிசைப்படி இயந்திரத்தை இறக்க உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். வரிசையில் எனக்கு முன்னால் இருவர் உள்ளனர். அவர்கள் வயல் முடிந்த பின் என் வயலுக்கு வந்தால் போதும்.

இடம்: கீழமருதங்குடி
நாள்: 06.02.2026

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) ரெ. புகழேந்தி