வாசல் கைப்பிடியில் மாட்டிய பை

அன்புள்ள மகளுக்கு, நாங்கள் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். தம்பிக்குப் பரீட்சை இருந்த அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் உன் அப்பா, அவருடைய அக்காவான உன் அத்தை, அத்தை வீட்டுக்காரர், உன் தம்பி, நான். வேறு ஒருத்தரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பின்னால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

நீ அனுப்பிய புத்தகத்தைத் தம்பி எனக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினான், நடுநடுவே எழுந்து எழுந்து போனான், உட்கார முடியாதவர்களுக்கு எதற்கு இவ்வளவு தடியாக எழுதினார்களோ. அவனுக்கு இருக்கிற ஏடிஎச்டி, அதுதான் கவனம் ஒரு இடத்தில் நிற்காத கோளாறு, அது இருப்பவர்களுக்குக் கண்ணில் படாத பொருள் உலகத்திலேயே இல்லாத மாதிரி என்று அதில் போட்டிருக்கிறதாம். உடனே சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றிவிட்டான். மறுநாள் கொண்டுபோக வேண்டியதை ஒரு பையில் போட்டு வாசல் கதவுக் கைப்பிடியில் மாட்டினான், பையை எடுக்காமல் கதவைத் திறக்க முடியாது. நேரம் ஆக ஆகச் சிவப்பு வட்டம் குறைந்துகொண்டே வருமே அந்தக் கடிகாரத்தை வைத்துக் குளித்தான், சாப்பிட்டான், வேலைக்கு நேரத்துக்குப் போனான். லிஃப்ட் கம்பெனி மேஸ்திரி அவனைத் தொலைந்துபோன ஸ்பேனர் என்று கூப்பிடுவதையே விட்டுவிட்டார், லைசென்ஸ் பரீட்சைக்கும் அவன் பெயரைக் கொடுத்தார். அதில் தேறினால் மெக்கானிக், இல்லையென்றால் தலை நரைத்தாலும் ஹெல்பர்தான்.

பரீட்சைக்கு முந்தின நாள் அத்தை வீட்டுக்காரரோடு வந்தாள். ஏடிஎச்டி என்றதும், அது எத்தனை வருஷப் படிப்பு என்று கேட்டாள். நீ பிறந்தபோது மூக்கு சப்பை என்று சொன்னவள்தானே. மறுநாள் காலையில் நான் குளிக்கப் போன நேரம், இது வீடா பழைய சாமான் கடையா என்று ஒதுங்கவைக்க ஆரம்பித்திருக்கிறாள். கைப்பிடியில் இருந்த பையை, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பீரோவில் வைத்துச் சாத்திவிட்டாள். தம்பி வந்தான், கைப்பிடி காலி, பை இல்லாததால் பையின் நினைப்பும் இல்லை, கதவைத் திறந்து போய்விட்டான். பரீட்சை வாசலில் நுழைவுச் சீட்டைக் கேட்ட பிறகுதான் தோளைத் தடவிப் பார்த்திருக்கிறான். ஓடி வந்தான், வீட்டையே கவிழ்த்தோம், அடடே இதுவா என்று அத்தைதான் எடுத்துக் கொடுத்தாள். திரும்பிப் போனால் கேட்டை மூடிவிட்டார்கள். இனி அடுத்த வருஷம்தான்.

சாயங்காலம் அவன் அலமாரிக் கதவுகளைத் திரும்ப மாட்ட உட்கார்ந்தான், எனக்கு எதுவும் ஒத்துவராது என்றான். ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன், இன்னும் கொடுக்கவில்லை.

அத்தைக்குத் தெரியாது, தெரியாமல் செய்தாள், அது போகட்டும். சாப்பிடும்போது உன் அப்பா சொன்னார், அக்கா பையை எடுத்து வைக்கும்போதே பார்த்தேன், வந்த இடத்தில் தடுத்தால் முகம் வாடிவிடுமே என்று விட்டுவிட்டேன் என்று. சொல்லிவிட்டு மோர் கேட்டார்.

நீ தம்பியிடம் பேசும்போது புத்திமதி சொல்லாதே, வேலையைப் பற்றி மட்டும் கேள். நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் குறைவில்லாமல் வாழ வேண்டும். நான் யார் மேலும் கோபத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை, உன் அப்பாவைத் தவிர.

இப்படிக்கு,
உன் அம்மா