நீ வைத்த ஸ்குரூவை நான் திருப்பிவிட்டேன், மாப்ளே

என் தங்கச்சி வீட்டுக்காரனே, அதற்கும் முன்னால் என் கூட்டாளியே, சண்முகம் மாப்ளே,

நல்லா இருக்கியா என்று கேட்க வாய் வருகிறது. ஆடியில் போனவனிடம் தையில் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் கேட்டுவிட்டேன். அங்கே விளக்கெண்ணெய்ப் புகை வாசனை உண்டா?

காணும் பொங்கலன்று கொள்ளிடம் மணலில் உன் வண்டி ஓடியது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நேராகச் சொல்ல எனக்கு வராது, உனக்குத் தெரியும். உறையூருக்குப் போகணும் என்றால் மணப்பாறையைச் சுற்றிக்கொண்டு போகிறவன் நான். பொறுத்துக்கொள்.

இந்தக் கடிதத்தை வேறு யாரும் படித்தால் அவர்களுக்கும் புரியட்டும். வண்டி என்றால் ஆள் ஏறுகிற வண்டி இல்லை. முழங்கை நீளத்தில் ஒரு குட்டி லாரி. பொம்மை மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது நிஜமான என்ஜின். ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் நைட்ரோ என்கிற மருந்தும் கலந்து குடிக்கும். கம்பி நீட்டிய பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்தே ஓட்டணும். உன் அத்தை மகன் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. திருச்சி முழுக்கத் தேடினாலும் இப்படி அஞ்சாறு வண்டிதான். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடத்து மணலில் ஒன்று சேரும்.

மாடு விற்கிற தரகன் எனக்கும் அந்தப் பெட்டியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாய். தனத்தை உனக்குக் கட்டிக்கொடுத்த புதிதில், தங்கச்சி புருஷனாச்சே என்று உன்னை "வாங்க, உக்காருங்க" என்றேன். "ஏன்டா, என்மேல எதாவது கோவமா?" என்று நீ பயந்துபோய்க் கேட்டாயே! அன்றோடு அந்த மரியாதை ஒழிந்தது.

நம் வண்டியிடம் ஒரே குறைதான். கொடி அசைத்ததும் மற்ற வண்டிகள் வெட்டுக்கிளி மாதிரி தாவும். நம்முடையது மணவறைக்குப் போகும் மாப்பிள்ளை மாதிரி நிதானமாகக் கிளம்பும். எரிபொருளைக் கூட்டிக் குறைக்கிற ஸ்குரூவைக் கொஞ்சம் இறுக்கினால் பாயும். அது எல்லாருக்கும் தெரியும். நீதான் இறுக்க மாட்டாய்.

"எண்ணெயும் அதுலதானே வருது நல்லு. அதைக் குறைச்சா என்ஜின் காஞ்சு போயிடும். நல்லாக் குடிச்சிட்டு மெதுவாப் போகட்டும்."

அப்படிச் சொன்ன நீயே, சைக்கிளில் திரும்பி வரும்போது குரலைத் தாழ்த்தி, "ஒரே ஒரு தடவை நம்ம வண்டி முன்னால பாயணும்டா" என்றாய். அது என் காதில் மட்டும்தான் விழுந்தது. இல்லாவிட்டால் நான் அதைத் தொட்டிருப்பேனா? தெரியவில்லை மாப்ளே.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோன பிறகு, தனம் வண்டியை உன் காக்கிச் சட்டையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். மார்கழியில் நான்தான் போய்க் கேட்டேன். பரண்மேல் ஏறி எடுத்துக்கொடுத்தாள்.

"ஓட்டுண்ணே. ஆனா அவர் வச்ச ஸ்குரூவை மட்டும் தொடாத. நீங்க ரெண்டு பேரும் கொல்லையில ஸ்டார்ட் பண்ணுவீங்கள்ல, அந்தச் சத்தத்துலதான் நான் சோறு வடிப்பேன். எனக்கு அது அப்படியே வேணும்."

"சத்தியமாத் தொடமாட்டேன் தாயி" என்றேன்.

காணும் பொங்கலன்று போட்டி. ஊரே ஆற்றில் இருந்தது. தனமும் கரைமேல் வந்து உட்கார்ந்தாள். வெள்ளோட்டத்தில் நம் வண்டி வழக்கம்போல் கடைசி. தில்லைநகர் ரஹீம் பாய் சும்மா இருப்பாரா?

"என்ன நல்லுண்ணே, வண்டி கட்டுச்சோறு கட்டிக்கிட்டுக் கிளம்புதா?"

சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. முதல் சுற்றுக்கு முன்னால் கீழே குனிந்தேன். ஸ்குரூவை இறுக்கினேன். எவ்வளவு இறுக்கினேன் என்றுகூடப் பார்க்கவில்லை.

சந்தைக்கு நடுவில் நின்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! ரேக்ளாவில் வாலை முறுக்கி ஓட்டின மாடு அன்றைக்குப் பறக்கும், மறுநாள் காலை எழுந்திருக்காது, பாவிகளா என்று. அதே கையால்தான் மாப்ளே உன் வண்டியின் வாலை முறுக்கினேன்.

பாய்ந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். கொடி அசைந்ததும் மணலை வாரி இறைத்துக்கொண்டு, எல்லாருக்கும் முன்னால், வீல் என்று கத்திக்கொண்டு போனது. பின்னால் நூல் மாதிரிகூடப் புகை இல்லை. ரஹீம் பாய் வாயைப் பிளந்தார். எனக்கும் ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் சிலிர்த்தது. உனக்குக் காட்டத்தான் கரைப்பக்கம் திரும்பினேனோ என்னமோ. அங்கே தனம் எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

வண்டி முதலாவதாக வந்து நின்றது. சூடு பார்க்க என்ஜின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். நீ விடும்போது அது உட்கார்ந்து மெல்லக் காயும். இப்போது சுர்ரென்று காணாமல் போனது.

கடைசிச் சுற்றுக்கு நேரம் இருந்தது. வண்டியைத் தூக்கிக்கொண்டு தனத்தின் பின்னாலேயே ஓடினேன். ரெண்டு தெரு தள்ளித்தானே உன் வீடு. கொல்லையில் நின்றிருந்தாள்.

"அது அவர் வண்டி இல்லண்ணே" என்றாள்.

"பழையபடி வச்சிடறேன் தாயி."

"எங்க இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது. நீ காதால் வைத்தது. எனக்கு அந்தக் காது இல்லை. என்ஜின் ஆறும் வரை காத்திருந்து, "நீ கேட்டுச் சொல்லு" என்றேன். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தேன். அவள் அடுப்படி வாசலில் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். சோறு வடிக்கிற இடம் அதுதானே.

"இன்னும் கொஞ்சம் தளத்து. இன்னும். ஐயோ, தாண்டிட்டே. இந்தப் பக்கம் வா."

புகை கொல்லையெல்லாம் நிறைந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் இருமிக்கொண்டே எட்டிப்பார்த்து, "சண்முகம் வந்துட்டானா?" என்றார். பாவம், மறதிக்காரர்.

அப்போதுதான் ஆற்றுப்பக்கம் விசில் ஊதினார்கள். கடைசிச் சுற்று. வண்டிகள் ஒவ்வொன்றாகக் கத்துவது இங்கேவரை கேட்டது. தனம் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நான் என்ன செய்திருக்கணும், சொல்லு. உன் ஆசை அந்தப் பக்கம் நின்றது, அவள் இந்தப் பக்கம் நின்றாள். நான் ஸ்குரூவைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தேன். ஆற்றில் சத்தம் அடங்கியது.

அப்புறம் அவள், "கிட்டத்துல வந்திருக்கு" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா அது இல்ல. பரவால்ல, விடுண்ணே" என்றாள். அந்த "பரவால்ல"தான் மாப்ளே, இன்னும் காதில் நிற்கிறது. திட்டியிருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் ரஹீம் பாய் தேடிக்கொண்டு வந்தார். ஏன் வரவில்லை என்று கேட்டார். சொன்னேன். மனுஷன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அட என்னண்ணே, பாயணும்னா ஸ்குரூவையா தொடுவாங்க? என்ஜின் பக்கத்துப் பல்சக்கரத்தைக் கழட்டிட்டுச் சின்னதா ஒண்ணு மாட்டுங்க. ஓடுற வேகம் கொஞ்சம் குறையும், எடுப்புல பிச்சுக்கிட்டுப் போகும்."

"ஏன் பாய், இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

நியாயம்தானே. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. காது சுட்டதுதான் தெரிந்தது.

அரியமங்கலத்தில் உன் பட்டறைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். உன் லேத்திலேயே அந்தச் சின்னச் சக்கரத்தைக் கடைந்து தருகிறார்கள். சித்திரையில் மறுபடி போட்டி. அதுவரை ஞாயிறுதோறும் கொல்லையில் ஸ்டார்ட் செய்வேன். தனம் கேட்டுச் சொல்லட்டும். இனி அவள் சொல்லாமல் அந்த ஸ்குரூவில் என் கை படாது.

போட்டியன்று எந்த வண்டி முன்னால் வருகிறது என்று நான் பார்க்கப் போவதில்லை மாப்ளே. கரையைத்தான் பார்ப்பேன். கொடி அசைந்து, வண்டி பாய்ந்து, அவள் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள் என்றால், ஜெயித்துவிட்டோம் என்று உனக்கு மறுபடி எழுதிச் சொல்வேன்.

உன் பொண்டாட்டிக்கு அண்ணன், உனக்கு என்றைக்கும் மச்சான்,
நல்லுசாமி