சலாம் கண்டால் நிற்கும் குதிரை

“மாமா, குளத்தோரமா ஒரு எடம் வெலைக்கு வருது. குதிரை லாயமும் இருக்காம். அதுல என்ன யாவாரம் பண்ணலாங்க?”

இன்று காலை பத்திரிகையும் கையுமாக வந்து என் மருமகன் கேட்டார். விளம்பரத்தை வாங்கிப் படித்தேன். ரம்புக்கனைக்குப் போகும் வழி, குளம், கல்லால் கட்டிய லாயம், தொழில் நடத்த ஏற்றது என்று போட்டிருந்தது. உங்கள் இடம்தான், நானா; அண்ணன் முறைக்கு ஊரே உங்களை அப்படித்தான் கூப்பிட்டது. நீங்கள் காலமான பிறகு உங்கள் பிள்ளைகள் கொழும்பிலேயே கடை வைத்துவிட்டார்கள். அவர்கள் விற்பதில் குறை சொல்ல எதுவுமில்லை. மாலையில் சொல்கிறேன் என்று மருமகனை அனுப்பிவைத்தேன்.

றப்பர் தோட்டத்தை நடத்திய துரை அந்த இடத்தைக் குதிரைகளுக்காகவே கட்டினார். மோட்டார் கார் வாங்கியதும் அது அவருக்குப் பாரமாகிவிட்டது. ஒரு வருடக் குத்தகைக்கு உங்களிடம் விட்டார். குதிரை வண்டி ஓட்டி இடத்தை நடத்திக் காட்டினால் அது உங்களுக்கு; முடியாவிட்டால் இடமும் குதிரைகளும் ஏலத்துக்கு. நீங்கள் புடவைக் கடையை மூடிவிட்டு லாயத்துக்குப் பக்கத்து அறையில் குடியேறினீர்கள். ஊரே சிரித்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி முடித்ததும் நான் அங்கே வந்துவிடுவேன். குதிரைகள் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடிக்கும். நாம் கரையில் இருந்து தேநீர் குடிப்போம்.

முதல் சவாரிக்கு வந்தவர் ஒரு வக்கீல். கொழும்பு ரயிலைப் பிடிக்க வேண்டும். பேச்சுத் துணைக்கு என்னையும் ஏற்றிக்கொண்டீர்கள். செங்குதிரை அழகாகத்தான் ஓடியது, றப்பர் மலை தொடங்கும்வரை. அங்கே கங்காணி நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் உங்களுக்கு ஒரு சலாம் வைத்தார். குதிரை நின்றுவிட்டது.

துரை அந்தக் குதிரையில் தோட்ட வேலையை மேற்பார்வையிடப் போகும்போது, சலாம் வைத்தவரிடமெல்லாம் நின்று விசாரிப்பார். குதிரையும் அதையே பாடமாக்கியிருந்தது. அந்தச் சாலையில் உங்களைத் தெரியாதவர் யார்? கடைக்காரர் வைத்தார், றப்பர் மரத்தில் பால் வெட்டிவிட்டு வந்த பெண்கள் வைத்தார்கள்.

“இது குதிரையா, தபால்காரனா? வாசலுக்கு வாசல் நிக்குதே!” என்று வக்கீல் கத்தினார்.

“மரியாத தெரிஞ்ச குதிர சேர், என்ன செய்ய?” என்றீர்கள்.

ஸ்டேஷனில் நமக்குக் கிடைத்தது ரயில் விட்டுப்போன புகை மட்டும்தான்.

திரும்பும் வழியில் கங்காணியிடம் கெஞ்சிப் பார்த்தீர்கள். “இனி எனக்குச் சலாம் வைக்க வாணாம், கங்காணி.”

“அதெப்படிங்க மொதலாளி? நான் வேணாம்னாலும் கையி தானா மேல போயிருதுங்களே!”

நீங்கள் கடிவாளத்தைத் தட்டி வண்டியைக் கிளப்பினீர்கள். ஏலம் உங்கள் கண்ணில் தெரிந்தது. வளைவு தாண்டியதும், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்துகொண்டிருந்த ஒரு பெண், பழக்கத்தில் ஒரு கையைத் தூக்கினாள். வண்டி அவள் அருகில் நின்றதும் பயந்துபோனாள்.

“நான் ஒண்ணும் தப்பு பண்ணலீங்க, மொதலாளி.”

நீங்கள் குதிரையைப் பார்த்தீர்கள், அவளைப் பார்த்தீர்கள். “நீதானே நிப்பாட்டின? இனி ஏறத்தான் வேணும், மகள்.”

தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருந்த தொழிலாளர்கள் அதுவரை குதிரை வண்டியில் ஏறியதே இல்லை. மறுநாளிலிருந்து ஏறினார்கள். சந்தைக்குப் போகிறவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், உறவுக்காரரை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுகிறவர்கள். கை தூக்கினால் நானா வண்டி நிற்கும் என்று மலை முழுக்கப் பேச்சு. ரயிலுக்குப் போகும் பெரிய மனிதர்களுக்கு மட்டும், “இது சுணங்கிப் போற வண்டி சேர், வெள்ளனமே வாங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவீர்கள். அந்த வருடம் முடிந்து துரை உங்களுக்கு இடத்தை எழுதிக் கொடுத்த அன்று, “யாவாரத்த நான் கண்டுபிடிக்கல்ல மாஸ்டர், அது ரோட்டோரமா நின்டுகொண்டு இருந்திச்சி” என்றீர்கள்.

அதன் பிறகு வகுப்பில் பாடத்தை எத்தனை வேகமாக நடத்திக்கொண்டிருந்தாலும், பின்வரிசையில் ஒரு கை எழுந்தால் நான் நிறுத்திவிடுவேன். கணக்கு முடியாமல் போன நாட்கள் உண்டு. எந்தப் பிள்ளையும் விடுபட்டுப் போனதில்லை.

இப்போது அந்தச் சாலையில் பஸ் ஓடுகிறது. அது நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் நிற்கிறது. அதனால் மருமகனுக்கு இன்று மாலை இப்படிச் சொல்லப்போகிறேன், நானா: லாயத்தையும் குளத்தையும் பிறகு பார்க்கலாம், முதலில் அந்தச் சாலையில் ஒரு நாள் முழுக்க நடந்து, பஸ் யாரை விட்டுவிட்டுப் போகிறது என்று பாருங்கள்.