இன்று திறந்திருக்கிறது

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் வழக்கம். உங்கள் வகுப்பு சார் நேற்று என்னிடம் பேசிவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் படித்த அடையாளம் மட்டும் விழுகிறது. அதனால் இதை உன் அறைத்தோழன் பெயருக்குக் கூரியரில் அனுப்புகிறேன், அந்த ஒட்டடைக்குச்சிக்கு. உன் கையில் கொடுத்து, நீ பிரிக்கும்வரை நகரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். மூன்று வாரத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டிய கடிதம். குட்டி தூங்கும் மதியம்தான் எனக்குக் கிடைக்கிறது. அதிலும் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நீ இருபத்திரண்டு நாளாக வகுப்புக்கு வரவில்லை என்று சார் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. "நல்லாப் படிக்கிற பையன்மா, அதான் நானே கூப்பிட்டேன்" என்றார். வருகை இதற்கு மேல் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்களாம். ஒரு வருஷம் போய்விடும். வருகிற திங்கட்கிழமை காலை நீ நேரில் வந்து காரணம் எழுதிக் கொடுத்தால் துறைத் தலைவரிடம் அவர் பேசுவாராம். செவ்வாய்க்கிழமை வருகைப் பட்டியல் மேலே போய்விடுமாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அப்பா போனதை நீ அங்கே யாரிடமும் சொல்லவே இல்லை.

என் மேலும் தப்பு இருக்கிறது. நீ போனை எடுக்காதபோதும் எனக்குப் பயம் வரவில்லை. அப்பாவின் ரிப்பேர் கடைக்கு நீ கட்டிக்கொடுத்த வெப்சைட்டின் அடியில் 'கடைசியாகத் திருத்தியது' என்று தேதியும் நேரமும் விழுமே, தினமும் குட்டிக்குப் பால் காய்ச்சும்போது அதைத் திறந்து பார்ப்பேன். ஒருநாள் தலைப்பு நீலமாகியிருந்தது. ஒருநாள் மிக்ஸி படத்தைத் தொட்டால் சுற்றியது. இன்னொரு நாள் கடைக்கு வழி காட்டும் படம் வந்திருந்தது, இந்த முறை சரியாகவே. (என் கல்யாணத்துக்கு நீ போட்ட வழிப்படத்தை நம்பி மாப்பிள்ளை வீட்டில் பாதிப் பேர் லாரி ஷெட்டில் போய் நின்றதை உன் மாமா இன்னும் விடவில்லை.) சரி, பையன் எழுந்திருக்கிறான், கை வேலை செய்கிறது என்று அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விடுவேன். அடியில் இருக்கும் நேரம் முந்தைய நாள் பகல் பதினொன்று பத்து, இரண்டு இருபது என்று இருக்கும். உன் வகுப்பு அட்டவணையை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தவள் நான். அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் இரண்டடி. ஒருநாள்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை.

இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் போன் என்னிடம்தான் இருக்கிறது. வெப்சைட்டில் யாராவது படிவத்தை நிரப்பினால் அதில் மணி அடிக்கிறது. அப்பாவுக்கு டைப் அடிக்க வராது என்று ஒரே ஒரு பதிலைப் பதிந்து கொடுத்தாயே, 'கொண்டு வாங்க, பார்த்துடலாம்' என்று? விரலால் ஒரு தடவை தொட்டால் போய்விடும். அப்பா போன இரண்டாவது வாரம் முதல் செய்தி வந்தது. டேபிள் ஃபேன், சத்தம் போடுது ஆனா சுத்தல. வேறு பதில்தான் எழுத வேண்டும் என்று தெரியும். எழுத வரவில்லை. தொட்டுவிட்டேன். மறுநாள் ஃபேன் வந்துவிட்டது. வாங்கி வைத்தேன். அப்பா செய்கிற மாதிரியே அட்டையை வெட்டி, அவர்கள் சொன்ன குறையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக் கட்டினேன்.

இப்படிப் பதினொன்று சேர்ந்துவிட்டன தம்பி. மிக்ஸி ஐந்து, ஃபேன் நான்கு, அயர்ன் பாக்ஸ் ஒன்று, தண்ணீர் மோட்டார் ஒன்று. ஒரு மிக்ஸியின் அட்டையில், 'மாமியார் கீழ போட்டாங்க, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க' என்று இருந்தது. கடையில் வைக்கலாம்தான். ஆனால் கதவைத் திறந்தால் அப்பா மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற மேசையைப் பார்க்க வேண்டும். அதனால் எல்லாம் கடைக்கு மேலே வீட்டுக் கூடத்தில். குட்டி தவழ்கிற வயது தாண்டி ஓடுகிற வயது. வயரைப் பிடித்து இழுத்துவிடுவாளோ, திருகாணியை வாயில் போட்டுவிடுவாளோ என்று நாள் முழுக்க அவள் பின்னாலேயே நடந்தேன். அந்தப் பயம் மட்டும் ஒழுங்காக வந்தது. மற்றது எதுவும் வரவில்லை. உன் மாமா ஒருநாள் வேலை முடிந்து வந்து, காலை வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று, "உங்கப்பாகூட இத்தனை வேலை பிடிச்சதில்லையே" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

போன திங்கட்கிழமை பள்ளி வேன் ஓட்டுகிறவர் ஃபேனை வாங்க வந்தார். மூன்று தடவை நாளைக்கு என்று சொல்லி அனுப்பிய ஆள். படியேறி மேலேயே வந்துவிட்டார். "ஏம்மா, பெரியவர் எங்க? ஒரு கண்டென்சர் மாத்த எத்தனை நாள்? புழுக்கத்துல புள்ளைங்க தூங்க மாட்டேங்குது" என்றார். அப்பா இல்லைங்க என்றேன். எப்ப வருவார் என்று கேட்டார். இறந்துட்டாருங்க, போன மாசமே, என்றேன். என்னையும் கூடத்தில் வரிசையாக இருந்த சாமான்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப என்னைக் கொண்டாரச் சொன்னது யாரு?" என்றார். "காலையிலகூட வெப்சைட்டுல பார்த்தேனேம்மா, இன்று திறந்திருக்கிறதுன்னு பச்சையில போட்டிருந்துச்சே" என்றார். திட்டவில்லை. ஃபேனைத் தோளில் வைத்துக்கொண்டு, படியில் இறங்கும்போது திரும்பி, குழந்தையைப் பார்த்துக்கம்மா, வயரெல்லாம் கிடக்கு, என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு மீதிப் பத்துப் பேரையும் கூப்பிட்டேன். நான்கு நாள் ஆனது. முதல் ஆளிடம் சொல்வதற்குள் இரண்டு தடவை போனை வைத்துவிட்டேன். ஆறாவது ஆளிடம் சொல்லும்போது கரண்ட் இல்லை என்று சொல்கிற மாதிரி வந்தது. சாமானை எடுக்க வந்த ஒருத்தர் அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். மாமியார் கீழே போட்ட மிக்ஸிக்காரி, "அவர் ஒருத்தர்தான் எப்படி உடைஞ்சதுன்னு கேக்காம சரிபண்ணுவார்" என்றாள். இப்போது கூடம் காலி. பத்துப் பேரிடம் சொல்லிப் பழகியிருந்ததால்தான் நேற்று உங்கள் சாரிடமும் சொல்ல முடிந்தது. அவர், "அவன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா" என்றார்.

ஒட்டடைக்குச்சியிடமும் நேற்றுதான் சொன்னேன். நீ நான்கு நாள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதை, அக்கா வீட்டில் விசேஷம் என்று அவனிடம் சொன்னாயாம். அவன், அறையில் மற்ற மூன்று பேருக்கும் இனிப்பு எங்கே என்று கேட்டு உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறான். அதைச் சொல்லிச் சொல்லி மருகினான். நீ விடிந்த பிறகு படுக்கிறாயாம், அவர்கள் லேபுக்குப் போகும்போது லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்காருகிறாயாம், மெஸ்ஸுக்கு வருவதே இல்லையாம், பிஸ்கட் பாக்கெட்தானாம். ரெக்கார்டு நோட்டில் உனக்காக இரண்டு சோதனை எழுதி வைத்திருக்கிறானாம். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், என்னைச் சும்மா விடச் சொல்லுங்கக்கா என்றான். அவனைத் திட்டாதே.

வெப்சைட்டை எடு என்று சொல்லமாட்டேன். எட்டாவது படிக்கும்போது தெருப் பிள்ளைகளின் பந்தாட்டக் குழுவுக்கு நீ கட்டிய முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவள் நான். இது அதில் ரொம்ப நல்லது. அப்பா இருந்தபோதுகூட கடை இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. நீ எதற்கு இதைச் செய்துகொண்டே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், நானும் அந்தப் பதிலைத் தொட்டுக்கொண்டேதான் இருந்தேன். அந்தப் பச்சை வரியை உனக்கு எப்போது முடிகிறதோ அப்போது மாற்று. போன் மணி அடித்தால் நான் எடுத்துச் சொல்லிக்கொள்கிறேன். திங்கட்கிழமை மட்டும் தள்ளிப்போட முடியாது.

சார் ஒரு படிவம் அனுப்பியிருந்தார். அச்செடுத்து நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். வராத காரணத்தை நானே எழுதிவிட்டேன், இரண்டே வரி. நீ வாயைத் திறந்து எதுவும் சொல்ல வேண்டாம், ஒன்பதரை மணிக்கு அவர் அறையில் போய் நீட்டினால் போதும். கீழே 'தந்தை / பாதுகாவலர், பொருந்தாததை அடிக்கவும்' என்று இருந்தது. அடித்தேன். பேனா கொஞ்சம் அழுந்திவிட்டது, தாள் பின்பக்கம் மேடு தட்டுகிறது, கிழியவில்லை. உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் மாணவர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. அதில் நீ போட வேண்டும் கண்ணா. அதை நான் போட முடியாது.

சாப்பிட்டுவிட்டுப் போ. நன்றாக இரு.

உன்
அக்கா