தொட்டி தெரிகிறதா

பிப்ரவரி 9

இந்த நேரத்தில் உன்னைத் திறப்பதற்கு மன்னித்துக்கொள், நோட்டே. மணி ஒன்றரை. அப்பா இப்போதுதான் தூங்கினார்.

நீ புது நோட்டு, அதனால் சொல்லிவிடுகிறேன். அப்பா என்பது என் ஏழு மாத மகன். செத்துப்போன என் அப்பாவின் பெயரை, துலுகாக் என்று, அவனுக்கு வைத்தோம். எங்கள் வழக்கத்தில் பெயரோடு உறவும் வரும், அதனால் எனக்கு அவன் அப்பா, என் கணவன் மொசெசிக்கு மாமனார். "மாமா மறுபடியும் நனைச்சுட்டாரு, உலாயு!" என்று மொசெசி கத்தும்போது அழுதுகொண்டிருந்தாலும் சிரிப்பு வந்துவிடும்.

இன்று சிரிப்பு வரவில்லை. தப்புச் செய்துவிட்டேன்.

பனிப்புயலால் ஒன்பது நாளாக விமானம் இல்லை; இந்த வடகோடி ஊருக்கு வேறு வழியும் இல்லை. கடையில் பால் இல்லை, டயப்பர் இல்லை. மதியம் விமானி ரெனே ரேடியோவில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று கேட்டார். நான் வானிலை சொல்லும் விமான நிலைய மாடி ஜன்னலிலிருந்து அரை மைலில் நாலு எண்ணெய்த் தொட்டிகள். அவை தெரிந்தால் இறங்கலாம். தெரியவில்லை. ஆனால் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அங்கேதானே இருக்கின்றன! "அரை மைல்" என்றேன்.

என் பேச்சை நம்பி இறங்கிய விமானம் ரன்வேயைத் தாண்டி ஓடிப் பனிக்குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. கூட வேலை செய்யும் அடாமி, "டயப்பர் தீர்ந்தா கண்ணு கூர்மையாயிடுமோ?" என்றான். ரெனே திட்டவில்லை. கையுறையைக் கழற்றியபடி, "மேலேர்ந்து எனக்கு ஒண்ணும் தெரியாது, உலாயு. உன் கண்ணாலதான் இறங்கறேன்" என்றார்.

தெற்கே போய் இரண்டு வருஷம் வானிலை படித்தவள் நான்!

பிப்ரவரி 16

அப்பாவுக்கு இருமல். நெஞ்சில் கீச்சென்று ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்கிறதா?

பிப்ரவரி 18

எழுத முடியுமா தெரியவில்லை.

காலையில் மருந்தகத்தில் அவனுக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். "தெற்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாகணும், விமானத்துக்குச் சொல்லிட்டேன்" என்றாள் நர்ஸ். கலைமான் வேட்டைக்குப் போன அடாமி புயலில் குடிசையிலேயே மாட்டிக்கொண்டான். நிலையத்தில் வேறு ஆள் இல்லை. மகனை மொசெசியிடம் விட்டுவிட்டு நான் ஜன்னலுக்குப் போனேன்.

ஜன்னலில் வெறும் வெள்ளை.

மூன்று மணிக்கு ரெனேவின் குரல். "உலாயு, தொட்டி தெரியுதா?"

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மொசெசி வந்தான், முகமெல்லாம் பனி. "நர்ஸ் பார்த்துக்கறா. விமானம் எங்க?"

"தொட்டி தெரியல."

"தொட்டி எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா? பால் வேணும்னப்போ தெரிஞ்சுதே! சொல்லித் தொலையேன்!"

ரேடியோ பொத்தானை அழுத்தினேன். அரை மைல் — நாக்கு நுனியில் இருந்தது. சத்தியமாக இருந்தது. விமானத்தில் ரெனேவும் இன்னும் இரண்டு பேரும்.

"தெரியலை, ரெனே. கால் மைல்கூட இல்லை."

இரைச்சலுக்கு நடுவே ரெனே கேட்டார், "அங்க காத்திருக்கறது உன் பிள்ளைதானே?"

"ஆமா."

"சரி. திரும்பறேன். விடிஞ்சதும் வரேன்."

மொசெசி கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்: "பெத்தவதானா நீ?"

நான் தப்பா? சொல்லேன் யாராவது. ராத்திரி அவன் மூச்சு நின்னுபோனா நான் என்ன பண்ணுவேன்?

பிப்ரவரி 19

தாங்கிவிட்டார் அப்பா. விடியற்காலை காற்று அடங்கியது. ஒரு தொட்டி. இரண்டு. பிறகு நாலும்.

ரெனே இறங்கினார். துணைக்கு ஒருவர்தான் போகலாம். அடாமி இன்னும் வரவில்லை. காற்றையும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதையும் சொல்ல ஆள் இல்லாமல் விமானம் கிளம்பாது. மொசெசி குழந்தையோடு ஏறினான், என்னைப் பார்க்காமல். நான் நிலைய மாடிக்கு ஓடி, ரேடியோவில் "வடமேற்குக் காற்று, மூணு மைல் தெரியுது" என்று சொல்லி என் பிள்ளையை அனுப்பினேன். குரல் பிசகவில்லை. அதுதான் ஆச்சரியம்.

பிப்ரவரி 20

அப்பாவைச் சுமக்கும் என் அங்கியின் முதுகுப் பை காலி. பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது.

பிப்ரவரி 22

போன் செய்தால் "பரவால்ல, தூங்கறான்" என்று வைத்துவிடுகிறான். பரவாயில்லை என்றால் எவ்வளவு?

பிப்ரவரி 25

மொசெசி, இனி நோட்டுக்கு இல்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய படம் வந்தது. மூக்கில் குழாய் இல்லை. வாயில் உன் விரல். நூறு தடவை பார்த்துவிட்டேன். ஆனால் படத்தின் கீழே நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

இந்தப் பக்கங்களைக் கிழித்து நாளை ரெனேவிடம் கொடுத்தனுப்புகிறேன். போனில் எனக்குப் பேச வராது, உனக்குக் கேட்க வராது. ஒன்பதாம் தேதியையும் கிழித்துத்தான் வைத்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டுப் பதினெட்டாம் தேதியைப் படி. அப்புறமும் கோபம் இருந்தால் இருக்கட்டும், கோபமாகவே எழுது.

மாமா பால் குடிக்கிறாரா? ராத்திரி என்னைத் தேடுகிறாரா? இன்னும் நனைக்கிறாரா?

வியாழக்கிழமை ரெனே திரும்பி வருவார். பதிலை அவரிடம் கொடுத்துவிடு. சீக்கிரம் எழுது.