கல்லொட்டிக்குத் துணை

5-2-1989, ஞாயிறு

மத்தியானம் கண்ணகி மீன் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏங்க, இம்மாம் பெரிய தொட்டி, உள்ள ஒரே ஒரு மீனு. அதுவும் கரிக்கட்டை கணக்கா. பாவமா இல்ல உங்களுக்கு?"

கல்யாணமாகி ஏழு மாதத்தில் இது நான்காவது தடவை. "அது கல்லொட்டி. அப்படித்தான் இருக்கும்" என்றேன். வாய் அடிப்பக்கம் இருக்கும், கல்லில் ஒட்டிக்கொண்டு பாசி தின்னும். அழகுக்காக இதை யாரும் வளர்ப்பதில்லை. வெள்ளிமலைக்குக் கீழே ஓர் ஓடையில் பிடித்தது. பிடித்துக் கொண்டுவந்தவன் ராஜதுரை.

அவன் பெயரை இந்த நோட்டில் எழுதி ஒன்றரை வருஷம் ஆகிறது.

8-2-1989

துணைக்கு மீன் வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டேன். நச்சரிப்பு தாங்கவில்லை.

12-2-1989, ஞாயிறு

எந்த மீனோடு எந்த மீன் சேரும் என்று எனக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. அதெல்லாம் ராஜதுரையின் வேலை. எண்பத்தாறில் நானும் அவனும் ஒரே ஆபீஸில் குமாஸ்தா, ஒரே மாடி ரூமில் வாசம். இரண்டு பேரும் சேர்ந்து செய்யச் சொன்ன தொட்டி இது. ஆற்று மணலை ஏழு தண்ணீர் மாற்றிக் கழுவினோம். எட்டாவது தண்ணீரும் கலங்கலாகத்தான் இருந்தது.

"வாயப் பாரு செழியா" என்பான். "வாய் மேல பாத்தா அது மேல மேயும். நேரா இருந்தா நடுவுல. அடியில இருந்தா தரையில. மூணு எடத்துலயும் ஆள் வெச்சா சண்டை கம்மி." மலையில் ஓடையைப் பார்த்தே வளர்ந்தவன், எந்தப் புத்தகமும் படித்ததில்லை.

நான் கேட்டால்தானே? நிறத்தில் மயங்கி, மற்ற மீனைக் கடிக்கும் ஒரு ஃபைட்டரை வாங்கிச் சின்னக் கப்பி மீன்களோடு விட்டேன். மறுநாள் காலை ஒரு கப்பிக்கும் வால் இல்லை. அவன் திட்டவில்லை. ஃபைட்டரை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு என் மேஜைமேல் வைத்தான். "உன் ஆளு, நீயே பாத்துக்க." அது ஒரு வருஷம் என்னை முறைத்துக்கொண்டே வாழ்ந்தது. ஒரு ஏஞ்சல் மீனுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்தோம். வேலை செய்யாமல் சுற்றிச்சுற்றி வந்து எல்லாரையும் பார்க்கும். ஆபீஸில் மேனேஜர் எதிரே வந்தால் போதும், எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிடும்.

காற்று மோட்டாரின் கொர்ர் சத்தத்தில் எவ்வளவு நன்றாகத் தூங்கினோம். இப்போதும் அதே மோட்டார்தான் ஓடுகிறது.

19-2-1989

பாண்டிச்சேரி போய் இரண்டு தங்கமீன் வாங்கிவந்தேன். கண்ணகிக்கு ஏக சந்தோஷம்.

22-2-1989

ஒரு தங்கமீனின் விலாவில் செதில் உரிந்து வெள்ளையாகத் தெரிகிறது. என்ன நோயோ.

23-2-1989

நோய் இல்லை. கல்லொட்டி! கல்லை விட்டுவிட்டுத் தங்கமீனின் விலாவில் போய் ஒட்டிக்கொள்கிறது. தங்கமீனோ குண்டு, மெதுவாக நகரும், உதறத் தெரியவில்லை. தங்கமீன் இரண்டையும் வாளிக்கு மாற்றினோம்.

"யாருக்காச்சும் தெரியும்னா கேளுங்களேன்" என்றாள் கண்ணகி.

"தெரிஞ்சவன் ஒருத்தன்தான். அவன்கிட்ட கேக்க முடியாது" என்றேன். ஏன் என்றாள். சொல்லிவிட்டேன். சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் சாதி ஆட்கள் ஒரு வாரம் சாலை மறியல் செய்தார்கள். மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டதில் பஸ் இல்லை, ஊரில் கரண்டும் இல்லை. கேட்டது நியாயம், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. கரண்ட் இல்லாததால் மோட்டார் நின்றுவிட்டது. நானும் ராஜதுரையும் முறை வைத்துத் தம்ளரில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், மீன்களுக்குக் காற்று கிடைக்க.

ஐந்தாம் நாள் காலை மலையிலிருந்து ஆள் வந்து, அவன் அப்பாவுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னான். ராஜதுரை சைக்கிளில் கிளம்பினான். கச்சிராயபாளையம் ரோட்டு முனையில் வெட்டிப்போட்ட புளியமரத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியவர்களில் என் பெரியப்பா மகன் சின்னராசு அண்ணனும் ஒருவர். 'செழியன் ரூம்ல இருக்கறவன்' என்று இவன் சொல்லியிருக்கிறான். 'அப்ப அவன வந்து சொல்லச் சொல்லு' என்றார்களாம்.

அவன் திரும்பி வந்து என்னிடம் கேட்டான்: "ஒரே வாட்டி வந்து சொல்லிட்டு வந்துடு செழியா. பத்து நிமிசம்."

நான் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. "நான் வந்துட்டா மீனெல்லாம் செத்துடும்டா" என்றேன்.

வயல்வழியே சுற்றிக்கொண்டு நடந்து போனான். அவன் போய்ச் சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பத்து நாள் கழித்து வந்தவன் பெட்டியைக் கட்டினான். "தொட்டி?" என்று கேட்டேன். என் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. "உன்னாண்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெள்ளிமலைக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த வாரம் ஒரு மீன்கூடச் சாகவில்லை. அவன் போன பிறகு ஒவ்வொன்றாகச் செத்தன, மேனேஜர் உட்பட.

எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணகி எழுந்து அடுப்பைப் பார்க்கப் போனாள். 

9-3-1989

கார்டு வந்தது. எனக்கல்ல, கண்ணகிக்கு! எனக்குச் சொல்லாமல் வெள்ளிமலை ஆபீஸுக்கு அவன் பேரில் எழுதியிருக்கிறாள். நான்கே வரி:

'தங்கமீன் வேணாம், அது மெதுவா போற மீன். வேகமா ஓடற ஜீப்ரா மீன் ஆறு போடுங்க. கல்லொட்டி கூட்டத்துல இருக்கறது, தனியா இருந்தா அப்படித்தான் கண்டதுல ஒட்டும். அது இன்னும் உயிரோட இருக்குதா? - ராஜதுரை.'

என்னை ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. விசாரிக்க நான் என்ன செய்துவிட்டேன்?

20-3-1989

ஜீப்ரா ஆறு வந்தன. கல்லொட்டியால் ஒன்றைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

30-3-1989

எங்களையும் சேர்த்து இருபது சதவீத இடஒதுக்கீடு என்று பேப்பரில். சின்னராசு அண்ணனின் டீக்கடையில் எல்லாருக்கும் லட்டு. என் தங்கை பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறாள், அவளை நினைத்து எனக்கும் கண் கலங்கியது. பொய்யில்லை.

"இன்னா தம்பி, லட்ட கையிலயே வெச்சிக்கினு நிக்கற?" என்றார் அண்ணன். அவர் கடை இருப்பது அந்தப் புளியமரம் நின்ற இடத்துக்கு எதிரே. அடிமரம் இன்னும் இருக்கிறது. பகலெல்லாம் யாராவது அதில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

2-4-1989, ஞாயிறு

வெள்ளிமலை போனேன். பஸ் மலை ஏறி முடிக்கும்வரை சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்தேன். 

ராஜதுரை வீட்டு வாசலில் சாமையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். முன்நெற்றி ஏறிவிட்டது. "வா" என்றான். தண்ணீர் கொடுத்தான். மனப்பாடம் செய்துவைத்ததெல்லாம் மறந்துபோய் நேராகச் சொன்னேன்: "அன்னிக்கு நான் மீனுக்காவ நிக்கலடா. எங்க ஆளுங்க முன்னாடி உன்கூட வந்து நிக்கப் பயந்துகினு நின்னேன்."

சாமையைக் கையால் பரப்பிக்கொண்டே இருந்தான். "தெரியும். தம்ளர கீழயே வெக்கலியே நீ" என்றான்.

பிறகு இருவரும் ஓடைக்குப் போனோம். கோடையில் தண்ணீர் குறைவு. கல்லைப் புரட்டிக் காட்டினான், அடியில் மூன்று நான்கு ஒட்டிக்கொண்டிருந்தன. "இப்பவே புடிச்சிக்கினு போலாமா?" என்று கேட்டேன்.

"உன் கையில குடுத்தா பஸ்ஸுலயே செத்துடும். நானே கொண்டாறேன்."

எப்போது என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியமில்லை.

9-4-1989

வரவில்லை.

16-4-1989, ஞாயிறு

பத்து மணிக்குத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றான். மூடிக்குப் பதில் ஈரத்துணி. உள்ளே நான்கு கல்லொட்டி.

முதலில் பழசைத்தான் பார்த்தான். கண்ணாடியில் விரலை வைத்து நகர்த்தினான். அதுவும் விரலோடு நகர்ந்தது. "டேய், கெழவனாயிட்டியே" என்றான். கண்ணகி அவனுக்கு இரண்டு முறை குழம்பு ஊற்றினாள். மேனேஜர் செத்த கதையைச் சொன்னேன். சிரித்தான், சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு.

மூன்றரைக்குக் கரண்ட் போயிற்று. மோட்டார் நின்றதும் வீடே காதடைத்தாற்போல் ஆனது. புது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. நான் தம்ளரை எடுத்து ஊற்ற ஆரம்பித்தேன். நாலு மணிக்கு அவனுக்கு பஸ். செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்" என்றான். என் கையைத்தான் பார்த்தான்.

தம்ளரைக் கண்ணகியிடம் கொடுத்தேன். "இரு, நானும் வரேன்."

"மீனு?"

"வரேன்னு சொல்றேன்ல?"

ரோட்டு முனை வரை நடந்தோம். சின்னராசு அண்ணன் கடையில் எங்கள் ஆட்கள் ஏழெட்டுப் பேர். "யாரு தம்பி இது? எங்கியோ பாத்த மூஞ்சி" என்றார் அண்ணன்.

"ராஜதுரை. என் ரூம்ல இருந்தவன். அன்னிக்கு நீங்க மரத்தாண்ட நிறுத்தனது இவனத்தான். நான் வந்து சொல்லியிருக்கணும், வரல" என்றேன்.  எல்லாரும் கேட்டார்கள்.

அண்ணன் இரண்டு டீ போட்டு நீட்டினார். ராஜதுரை வேண்டாம் என்றான். நானும் வாங்கவில்லை. அடிமரத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து இடம் விட்டார், அதிலும் உட்காரவில்லை. பஸ் வரும்வரை இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான். "வெயில் ஜாஸ்தியானா பாதித் தண்ணி மாத்து செழியா."

வீட்டுக்கு வந்தபோது கண்ணகி இன்னும் ஊற்றிக்கொண்டிருந்தாள். "ஒண்ணு செத்துடுச்சிங்க" என்றாள், அழுதுவிடுவாள் போல.

"பரவால்ல" என்று சொல்லித் தம்ளரை வாங்கிக்கொண்டேன்.